கல்லைக் கண்டவரும் ஆளைக் கண்டவரும்

கம்போடியாவிலுள்ள அங்கோர் கோயில்களைக் காணச் செல்வோர் பலர். அவற்றைப்பற்றி ஒரு நூலேனும் கற்றுச் செல்வோர் சிலர். அச்சிலர் நாடும் பிரயாண நூல்களுள் இரண்டனை எடுத்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நூல், பிரெஞ்சு இயற்கைநூல் அறிஞர் ஹென்றி மூஓவினுடையது. 1860இல் அங்கோரைக் கண்ட அவர், மறு ஆண்டே லாவோஸ் நாட்டில் காய்ச்சலால் மாண்டார். நூல் அதன் பின்னரே வெளிவந்தது. அங்கோரைக் ‘கண்டுபிடித்தவர்’ அவரே என்று ஆங்கிலப் பள்ளியில் படித்து நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அஃது உண்மையன்று. அங்கோர் வாட்டில் பௌத்த பிக்குகளின் வழிபாடு அற்றுப்போகவில்லை. 1632இல் வந்த ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் தூணிலே தம் வருகையை எழுதிச் சென்றிருக்கின்றார். மூஓவும் அவ்வுரிமையைக் கோரினாரல்லர். அது பிறர் சூட்டிய பட்டம்.

அவருடைய வருணனை அழகியது. கிரேக்கரும் ரோமரும் விட்டுச்சென்றவற்றினும் இது பெரிதென வியக்கின்றார். ஆயின், அக்கோபுரத்தின் நிழலிலே வாழ்ந்த மக்களை அநாகரிகத்தில் ஆழ்ந்தோராகவே காண்கின்றார். கல்லுக்குக் கொடுத்த கண்ணை ஆளுக்குக் கொடுத்தாரில்லை.

இரண்டாம் நூல் மிகச் சிறியது. சீனத் தூதுக் குழுவோடு 1296இல் வந்து, ஓராண்டளவு தங்கிய சௌ தாகுவான் எழுதியது. பொற்கோபுரமும் அரசன் பவனியும் அதில் உண்டு. அவற்றோடு, தரையில் பாய்விரித்து வாணிபம் செய்த பெண்களும் உண்டு. வீட்டின் அடியிலன்றி உட்காரவோ படுக்கவோ உரிமையற்ற அடிமைகளும் உண்டு. இவரும் குற்றமற்றவரல்லர், கேள்விப்பட்ட கதைகளை ஆராயாது எழுதுகின்றார், அயலாரை இழித்தும் பேசுகின்றார். எனினும், அந்நகரம் யார் முதுகின்மேல் நின்றதென்பதை இவர் நூலே காட்டுகின்றது.

ஒரு வியப்பைக் கவனியுங்கள். தெய்வத் தச்சன் ஓரிரவில் கட்டினான் என்ற கதையைச் சௌ கேட்டார். வானவர் வேந்தன் கட்டினான் என்ற கதையை மூஓ கேட்டார். இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், உழைத்தவன் பெயர் மட்டும் எக்கதையிலும் இல்லை! கல்லோ, குலேன் மலையடியிலிருந்து வந்தது. அதனை வெட்டியவை மனிதக் கைகள். இழுத்தவை மனிதத் தோள்கள்.

தா புரோம் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு கணக்கே தருகின்றது: கோயிலுள் வாழ்ந்தோர் 12,640 பேர், அதற்குப் பணிசெய்யவும் பொருள் அளிக்கவும் விதிக்கப்பட்ட ஊர்கள் 3,140, மக்கள் 79,365 பேர். நான் தோட்டத்துக் கிராணி. காலைப் பெரட்டில் ஆள் எண்ணிப் பதிவது என் தொழில். ஆகவே அவ்வெண்கள் என்னை உறங்கவிடவில்லை. தலைக்கணக்கு எழுதியவனும் என்னைப்போல் ஒரு கணக்கன்தானே! காட்டை அழித்து இரப்பர் நட்ட நம் பாட்டன்மாரும் இத்தகைய ஏடுகளில் எண்களாய் நின்றவர்களல்லரோ? துரையின் பெயர் தோட்டத்துக்கு ஆயிற்று. அவர்கள் பெயர் எங்கே?

ஆதலின், நடையழகு வேண்டுவோர் மூஓவைப் படிக்கட்டும். உண்மை வேண்டுவோர் சௌ தாகுவானை முதலிற் படிக்கவேண்டும் என்பதே என் முடிபு. அங்கோர் செல்லும் அன்பர்களே! கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். பின்னர், அவ்வாயிலில் இளநீர் விற்பவளையும் ஒருமுறை நின்று பாருங்கள். அதைக் கட்டியவர்களின் வழித்தோன்றல் அவளாயிருக்கலாம்.