கிண்ணம் காலியானால் போதுமா?

நம் வீடுகளில் குழந்தை சாப்பிட்டதா இல்லையா என்பதைக் கிண்ணம்தான் சொல்கிறது. அடியில் இரண்டு வாய் பருப்புச் சோறு மிஞ்சிவிட்டால், "இன்னைக்குச் சரியாவே சாப்பிடல." வழித்து ஊட்டி முடித்துவிட்டால் அம்மாவுக்கு அன்றைய பாரம் இறங்கிவிடும். கிண்ணத்தில் எவ்வளவு போடுவது என்று முடிவு செய்தவர் அம்மா, அல்லது பாட்டி. அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அவ்வளவு சாப்பிடும், அவ்வளவுதான். ஊட்டிவிடும் பழக்கத்தைக் குறை சொல்வதென்றால் நான் இந்த இடத்தில்தான் சொல்வேன். மற்றபடி அதைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்கும் இன்றைய பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அதன் தகுதியைப் பார்க்கலாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஒரு பாட்டி சோறு ஊட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால், அந்தக் கையில் எத்தனை வேலை நடக்கிறது என்பது தெரியும். குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுத் திப்பி இல்லாமல் மசிக்கிறார். சூட்டை விரல் நுனியிலேயே பார்த்துக்கொள்கிறார். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு மீன் என்றால் முள் ஒன்றும் தப்பிவிடாதபடி இரண்டு விரலால் உதிர்த்துத் தடவிப் பார்க்கிறார். வாய்க்குத் தக்கபடி உருண்டை. போன வாய் உள்ளே இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். இடையில் காக்கா, அணில், தெருவில் போகும் ஆட்டோ என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. துணை உணவு பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்: பொறுமையாக, முகம் பார்த்து, பேசிக்கொண்டே ஊட்டுங்கள், ஊக்கப்படுத்துங்கள், வற்புறுத்தாதீர்கள், பசிக்கிறது, போதும் என்று குழந்தை காட்டும் குறிகளைக் கவனியுங்கள். இதில் வற்புறுத்தாமையையும் 'போதும்' என்ற குறியையும் தவிர மற்றதெல்லாம் நம் பாட்டிகளுக்குக் கைவந்த கலை.

அந்த இரண்டும் விடுபட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. வயிற்றுப்போக்கிலும் அம்மையிலும் பிள்ளைகளை வாரிக் கொடுத்த காலத்தில், உடம்பில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் சதைதான் உயிருக்குக் காப்பு. 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்குத் தனியாகச் சத்துணவு கொடுத்தார்கள். எடை ஏறினால் நல்ல சேதி என்று ஒரு தலைமுறைத் தாய்மார்கள் கற்றது இப்படித்தான். அது இன்றும் பொய்யாகிவிடவில்லை. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, 22 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. உயரத்துக்கு மீறிய எடை உள்ளவர்கள் 4.3 சதவீதம்தான். இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பசிச்சா தானா சாப்பிடும், விட்டுடுங்க" என்று ஊர் முழுக்க உபதேசம் செய்வது பொறுப்பான பேச்சு ஆகாது.

சிக்கல் ஒரு வயதுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோ இருக்கும். அடுத்த ஒரு வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகும்வரை வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோ. வளர்ச்சி நிதானத்துக்கு வரும்போது பசியும் அடங்குகிறது. போதாக்குறைக்கு நடக்கத் தெரிந்துவிட்டது. தட்டைவிட வாசல் சுவாரஸ்யமாக இருக்கிறது. "எட்டு மாசத்துல எப்படிச் சாப்பிட்டான் தெரியுமா, இப்ப வாயையே திறக்க மாட்டேங்கறான்" என்ற புலம்பல் சரியாக இந்த மாதங்களில்தான் கேட்கும். உடம்பு தன் கணக்கைச் சரியாகப் போடுகிறது. வீட்டில் அதை நோயாகப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் ஊட்டுதல் மல்லுக்கட்டாக மாறுகிறது. 'ஆ காட்டு' என்ற கெஞ்சல், பூச்சாண்டி, அப்புறம் மடியில் சாய்த்துத் தாடையைப் பிடித்துப் புகட்டுவது. பிள்ளையும் சும்மா இருப்பதில்லை. சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் கடைசி வாயோடு சேர்த்து மொத்தத்தையும் கக்கிவிடும். அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பல நாள் அளந்து பார்த்தது. ஒரு வேளையில் சாப்பிடும் அளவு தாறுமாறாக ஏறி இறங்கியது. ஒரு நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் இல்லை. காலையில் குறைத்த பிள்ளை மாலையில் ஈடுகட்டிக்கொண்டது. வேளைக்கு வேளை கிண்ணத்தைப் பார்த்துப் பதறுகிறவருக்கு இந்த நாள் கணக்கு கண்ணில் படவே படாது.

அந்த நாள் கணக்கை ஒரு சாதாரண நடுத்தர வீட்டில் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை வயதுப் பிள்ளை காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பால். இட்லி பாதிதான் இறங்கியது என்பதால் பதினோரு மணிக்கு மாவு கலந்து இன்னொரு டம்ளர். நடுவில் அழுதபோது நாலு குளுக்கோஸ் பிஸ்கட். மதியம் சாப்பாட்டில் தகராறு. "வெறும் வயித்தோட எப்படித் தூங்க வைக்கிறது" என்று இரவு படுக்கும்போது இன்னொரு டம்ளர். மூன்று டம்ளர் என்பது 600 மில்லி. டோன்டு பால் என்றாலே 350 கிலோகலோரி ஆகிறது. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் இன்னொரு 120. பிஸ்கட் 100. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே சுமார் 1000 கிலோகலோரி. பாதிக்கு மேல் இப்படியே போய்விடும் நாளில், மதியம் கீரைச் சோற்றுக்கு வாய் திறக்கவில்லை என்று அம்மா அழுகிறார். பிள்ளைக்குப் பசி இல்லை என்பதைத் தவிர அங்கே வேறு வியாதி எதுவும் கிடையாது.

இந்தச் சுழலில் எடை மட்டும் கெடுவதில்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வயிறு நிரம்பும் பிள்ளை, இரும்புச்சத்து உள்ள கீரை, பயறு, முட்டை, ஈரல் எதையும் தொடாது. இதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அத்தனைக்கும் பால் டம்ளர்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் ரத்தசோகை இருக்கலாம் என்பதை எத்தனை வீடுகளில் யோசிக்கிறார்கள்? மாறாக, "பசிக்கு ஏதாச்சும் டானிக் எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேட்கிறார்கள். அப்படி எழுதப்படுவதில் ஒன்று சைப்ரோஹெப்டடின். அடிப்படையில் அது ஒவ்வாமைக்கான மருந்து. பசியைக் கிளப்புவதும் தூக்கத்தைக் கொடுப்பதும் அதன் பக்கவிளைவுகள்.

கைபேசியைக் காட்டி ஊட்டும் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நிலாவைக் காட்டி ஊட்டியபோதும் கவனத்தைத் திருப்பித்தான் ஊட்டினோம், இப்போது என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். நிலாவைக் காட்டியவர் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளை வாயை இறுக மூடினால் கதை நின்றுவிடும். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். வீடியோ யாருக்காகவும் நிற்காது. வாய் தானாகத் திறக்கிறது, உள்ளே போவது தோசையா இடியாப்பமா என்பதுகூடப் பிள்ளைக்குத் தெரியாது. கிண்ணம் காலி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. பல வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

லஞ்சமும் தடையும் ஒரே குறையின் இரு வகைகள். "இந்த ரெண்டு வாய் பீன்ஸ் சாப்பிட்டா சாக்லேட்" என்று சொல்லும்போது, பீன்ஸ் தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை சரியாகப் புரிந்துகொள்கிறது. வீட்டில் இருப்பதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொடவிடாமல் தடுத்தாலோ, அதன் மேலேயே நினைப்பு போகும். பர்ச்சும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் சரி, ஊட்டும் முறைதான் பிள்ளையைக் குண்டாக்குகிறதா? இங்கேதான் நிதானம் வேண்டும். லண்டனில் ஜேன் வார்டல் குழுவினர் 2008-ல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு, 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடையே காணும் பருமன் வேறுபாட்டில் 77 சதவீதத்தை மரபணு வேறுபாட்டின் கணக்கில் எழுதியது. நியூசிலாந்தில் 206 தாய்மார்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், குழந்தையைத் தானே எடுத்துச் சாப்பிட விட்ட வீடுகளையும் வழக்கம்போல் ஊட்டிய வீடுகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வயதில் பருமனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தவிர, ஒல்லியான பிள்ளையைத்தான் பெற்றோர் அதிகம் வற்புறுத்துகிறார்கள். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது லேசல்ல. ஆகவே, பிள்ளையின் எடையைப் பார்த்து அம்மாவின் வளர்ப்புக்கு மார்க் போடுவது, ஒல்லிக்கும் சரி, குண்டுக்கும் சரி, அநியாயம். அந்த மார்க்கைப் போடுகிறவர்களில் அப்பாக்கள் நிறைய. ஆபீஸ் முடிந்து வரும்போது சிப்ஸ் பாக்கெட்டோடு வருகிறவர்களும் அவர்களே.

ஆனால் 'இளைச்சுட்டானே' என்ற ஒற்றைச் சொல்லுக்கு நம் ஊரில் ஒரு தனி ஆபத்து உண்டு. ஒரு வயதுக்குப் பிறகு குழந்தையின் கொழுப்பு இயல்பாகவே வடியத் தொடங்கி, ஐந்தாறு வயதில்தான் மறுபடி ஏறும். இந்தத் திருப்பம் சீக்கிரமே வந்துவிடும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் உடல் பருமன் வரும் வாய்ப்பு கூடுதல் என்று 1984-லிருந்தே எழுதிவருகிறார்கள். நாலு வயதில் விலா எலும்பு லேசாகத் தெரிவது பெரும்பாலும் இயல்பு. அதை நாம் இளைப்பு என்கிறோம். புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அங்கே பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும் தோலடிக் கொழுப்பில் அந்த அளவுக்குக் குறைவில்லை, குறைந்தது தசை. இப்படிப் பிறந்த உடம்பில் சர்க்கரையும் நெய்யும் ஏற்றிக் கன்னத்தை உப்ப வைப்பதால் தசை வளர்ந்துவிடாது. குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேரை எடை மிகுந்தவர்கள் என்று கணக்கிட்டிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வற்புறுத்தி ஊட்டுவதற்கு மாற்றாக அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் சொன்ன பொறுப்புப் பிரிவினை இப்போது நம் இளம் தாய்மார்களிடம் பிரபலம். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. முதல் பாதி அருமை. இரண்டாம் பாதி, ஊட்டம் போதாத பிள்ளைக்கும் காய்ச்சலில் எழுந்த பிள்ளைக்கும் அப்படியே பொருந்தாது. நோய் பசியையே கொன்றுவிடும். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் 1920-களிலும் 30-களிலும் 15 குழந்தைகளைத் தாங்களாகவே எடுத்துச் சாப்பிடவிட்ட சோதனையை இந்தப் பக்கத்தார் மேற்கோள் காட்டுவார்கள். குழந்தைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். ஆனால் தட்டில் வைத்த 34 பண்டங்களில் சர்க்கரைத் தின்பண்டம் ஒன்றுகூடக் கிடையாது. பட்டியலைப் போட்டவர் பெரியவர், பொறுக்கியது குழந்தை.

பெற்றோரின் கை ஓங்க வேண்டிய இடம் அந்தப் பட்டியல். வீட்டுக்குள் என்ன வருகிறது, இரண்டு வேளைக்கு நடுவே வயிறு காலியாக இரண்டு மணி நேரமாவது விடப்படுகிறதா, ஒதுக்கிய கீரை அடுத்த வாரமும் தட்டுக்கு வருகிறதா என்பதெல்லாம் அவர்கள் கையில். புதுச் சுவை பிடிக்கப் பத்து முறைக்கு மேலும் ஆகலாம். நாம் மூன்றாம் முறையே, "அவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பட்டியலில் வெளியார் கையும் உண்டு. மால்ட் பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று இணைய அங்காடிகளுக்கு மத்திய அரசு 2024-ல்தான் சொன்னது. அதுவரை ஒரு தலைமுறை அதை மருந்துபோல் வாங்கியது.

ஒன்றே கால் வயதிலிருந்து பிள்ளைக்கும் ஒரு தட்டு வேண்டும். புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தை தானே கைவிட்டு அளைந்து, உடம்பெல்லாம் பூசிக்கொண்டு சாப்பிடுகிறது. பக்கத்தில் கிண்ணத்தோடு யாரும் துரத்தவில்லை. அந்த அலங்கோலத்தைத் தாங்கும் பொறுமை இன்று நமக்கு இல்லை. சோபாவும் தரையும் பாழாகும். துடைக்கப்போவதும் பெரும்பாலும் அம்மாதான்.

அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் பல வீடுகள் அந்த மாத எண்ணை மட்டும் பார்க்கின்றன. பார்க்க வேண்டியது கோட்டை. அது தன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தால், இரண்டு வயதுப் பிள்ளை ராத்திரி அரை இட்லியோடு எழுந்து ஓடினாலும் ஓடட்டும். கோடு இரண்டு மூன்று மாதம் படுத்தே கிடந்தால், அல்லது நோய்க்குப் பிறகு ஏற மறுத்தால், அப்போது டாக்டரும் வேண்டும். பாட்டியின் மசித்த சோறும் நெய்யும் பொறுமையும் காக்கா கதையும் வேண்டும்.