அரட்டைக்கு ஒரு பூட்டு

தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு செயலி நாடெங்கும் பேசப்படுவது அபூர்வம். ஸோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘அரட்டை’ அப்படிப்பட்டது. நான்கு ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்த இதன் நிலை 2025 செப்டம்பரில் தலைகீழாயிற்று. நாளொன்றுக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்து வந்தது, மூன்றே நாட்களில் 3,50,000 ஆயிற்று என்று நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். நவம்பருக்கெனத் திட்டமிட்ட விரிவாக்கத்தை அவசரமாகச் செய்ய நேர்ந்தது.

முதலில் நிறையைச் சொல்வோம். விலை குறைந்த போனிலும் மெதுவான இணைப்பிலும் ஓடும்படி இது அமைக்கப்பட்டுள்ளது. பயன்படுத்துவோரின் விவரங்களைப் பணமாக்க மாட்டோம் என்று நிறுவனம் உறுதி கூறுகிறது. ஆனால் விஞ்ஞானம் வாக்குறுதியோடு நிறைவடைவதில்லை. கருவி எப்படி இயங்குகிறது என்றே கேட்கும்.

கூட்டம் திரண்ட நாட்களில், அரட்டையின் அழைப்புகளுக்கு முனைக்கு முனை சங்கேதப் பூட்டு இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இதனால் என்ன? சிவகாசி அச்சகம் ஒன்று, அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரியை விருதுநகர் வியாபாரிக்கு அனுப்புவதாகக் கொள்வோம். அது நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வழியாகவே போகும். வழியில் மட்டும் பூட்டு என்றால், சாவி நடுவிலிருப்பவரிடமும் உண்டு. அவர் யோக்கியராயினும் அவரிடமிருந்து களவு போகலாம். முனைக்கு முனை முறையிலோ, பெறுபவரின் போனே பூட்டையும் சாவியையும் உண்டாக்குகிறது. பூட்டை மட்டும் வெளியே தருகிறது. அதனால் பூட்டி அனுப்பியதை நடுவிலிருப்பவர் விரும்பினாலும் திறக்க முடியாது.

இம்முறை புதிதன்று. சிக்னல் செயலியை உருவாக்கியோர் வெளியிட்ட முறையைக் கைக்கொண்டு, வாட்ஸ்அப் 2016இலேயே எல்லாச் செய்திகளுக்கும் இதைப் பொருத்தியது. அரட்டையில் இருவருக்கிடையேயான செய்திகளுக்கு இது வந்தது 2025 நவம்பரில். வரவேற்கத்தக்கதே, எனினும் வரிசை மாறிவிட்டது என்பதே நம் குறை.

சிவகாசிப் பட்டாசு ஆலையைப் பாருங்கள். அறைக்கு அறை இடைவெளி. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பு. ஆர்டர் குவிந்த பிறகு இடைவெளியை உண்டாக்க முடியாது, கட்டும்போதே விடவேண்டும். தீபாவளி அவசரத்தில் வரம்பு மீறினால் என்ன நேரும் என்பதை அவ்வட்டாரம் உயிர்களைக் கொடுத்து அறிந்திருக்கிறது. செய்திச் செயலியில் உயிர்ச்சேதம் கண்ணெதிரே நிகழ்வதில்லை. ஆயினும் விதி ஒன்றே. நிதானமாகக் கழிந்த அந்த நான்கு ஆண்டுகளே பூட்டு அமைக்கத் தக்க காலம்.

இன்னொன்றும் உண்டு. செய்திச் செயலிகள் யு.பி.ஐ. போல ஒன்றோடொன்று இணைந்து இயங்கவேண்டும் என்று வேம்பு 2025இல் கூறினார். அது கைகூடினால், நண்பர்களை இழக்காமலே ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்குப் போகலாம். பயன்படுத்துவோருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

மாணவர்களே, எந்தச் செயலியாயினும் இரண்டைக் கேளுங்கள்: சாவி யாரிடம்? வெளியேற வழி உண்டா? செயலியின் பெயர் தமிழாக இருப்பது பெருமைதான். ஆனால் இக்கேள்விகளுக்கு அது விடையாகாது.