இல்லாளுக்கு இல்லம் எங்கே?

இல்லத்தை ஆள்பவள் இல்லாள் என்று பொருள் விரிப்பர் புலவர். இனிய விளக்கந்தான்! ஆனால், அடித்துத் துரத்தப்பட்டு, குழந்தையோடு இரவில் தெருவில் நிற்பவள் எந்த இல்லத்தை ஆளுகிறாள்?

2005இல் இந்தியாவில் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்கு விடை கூறிற்று. கணவனோடு வாழ்ந்த வீட்டில், பத்திரத்தில் அவள் பெயர் இல்லாவிடினும், குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றது 17ஆம் பிரிவு. அடித்தவனை வெளியேற்றவும் குற்றவியல் நடுவருக்கு அதிகாரம் தந்தது 19ஆம் பிரிவு. துணிவான சட்டம்!

ஆனால் 2006 டிசம்பரில் உச்சநீதிமன்றம், மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகளுக்கு அவ்வுரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. புதுமணமகன் பெயரில் வீடிருக்கும் குடும்பம் நம் நாட்டில் எத்தனை? தாய் பெயரில் இருக்கும். தந்தை பெயரில் இருக்கும். சட்டம் திறந்த கதவைப் பத்திரம் சாத்திற்று! 2020 அக்டோபரில்தான் அதே மன்றத்தின் மூவர் அமர்வு, அத்தீர்ப்பு தவறென்று கூறி மாற்றிற்று. ஏறத்தாழ 14 ஆண்டுகள்! வனவாசக் கணக்கு வாய்த்தது பெண்ணுக்கு.

இன்றும் ஒரு சொல் உறுத்துகிறது. மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க நடுவர் 'முயல வேண்டும்' என்கிறது 12ஆம் பிரிவு. முடிக்க வேண்டும் என்று எழுத என்ன தயக்கம்? வாய்தாமேல் வாய்தா வாங்குவோன் வீட்டுக்குள் இருக்கிறான். மனுப் போட்டவள் அண்ணன் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறாள்.