கெட்-டி என்னும் சின்னக் கட்டளை

கொரியாவின் ரக்னராக் ஆன்லைன் விளையாட்டுக்கான திறமூல சர்வர் ஆர்-அதீனா. அதன் ஸ்கிரிப்ட்டில் எனக்குப் பிடித்தது கெட்-டி. கடைக்காரக் கதாபாத்திரம் ஒன்றுதான், ஊருக்கு ஊர் சரக்கு வேறு என்று வைத்துக்கொள்வோம். பிரான்டேராவுக்கு ஒன்று, பேயோனுக்கு ஒன்று என்று இஃப் மேல் இஃப் அடுக்க வேண்டாம். ‘சரக்கு’க்குப் பின்னால் ஊர்ப்பெயரை ஒட்டிக் கெட்-டியிடம் கொடுத்தால், அந்தப் பெயருள்ள அர்ரேயே கைக்கு வரும், செட்-அர்ரே போட்டு நிரப்பிவிடலாம். ஊர் கூடினாலும் இஃப் கூடாது! பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் அர்ரே அந்தக் கதாபாத்திரத்துக்கே சொந்தம். வெறும் டாலர் குறி என்றால் சர்வர் முழுவதற்கும் பொது, அணைத்துப் போட்டாலும் நிற்கும். ஒட்டும் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் சர்வர் முணுமுணுக்காது, பூஜ்யத்தை நீட்டும். அதனால் பெயர் கட்டும் வேலையை ஒரே ஃபங்ஷனில் வையுங்கள்.