திரைக்குப் பின்னால் ஒரு கரண்டி எண்ணெய்

2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவை நேரலையில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். செங்கோல் கொடுத்ததைக் காட்டினார்கள், கிரீடம் வைத்ததைக் காட்டினார்கள். ஆனால் இந்தச் சடங்கிலேயே ஆகப் புனிதமானது என்று அவர்களே சொல்கிற எண்ணெய்ப் பூச்சை மட்டும் மூன்று பக்கமும் தட்டி வைத்து மறைத்துவிட்டார்கள். கடவுளுக்கும் மன்னருக்கும் இடையிலான அந்தரங்க நேரமாம்.

எனக்கு இந்த விளக்கம் ஒட்டவே இல்லை. காரணம், அந்த நேரத்தில் பாடுகிற பாட்டு. ஆசாரியன் சாதோக்கைப் பற்றியது. 1727ல் இரண்டாம் ஜார்ஜுக்காக ஹாண்டல் இசையமைத்தது. அன்றிலிருந்து எல்லா முடிசூட்டிலும் உண்டு. கதை பைபிளில் 1 இராஜாக்கள், முதல் அதிகாரம். தாவீது தள்ளாமையில் கிடக்கிறார். மகன் அதோனியா தானே ராஜா என்று விருந்து வைத்துக்கொண்டிருக்கிறான். தாவீது அவசர அவசரமாக இளையவன் சாலொமோனைத் தன் கோவேறு கழுதையில் ஏற்றி கீகோனுக்கு அனுப்புகிறார். அங்கே சாதோக் தைலம் வார்க்கிறார். எக்காளம் ஊதி ஜனங்கள் போட்ட கூச்சல் அதோனியாவின் பந்தி வரை கேட்கிறது. சேதி தெரிந்ததும் விருந்தாளிகள் பயந்துபோய் எழுந்து ஓடுகிறார்கள். நாலு பேர் பார்க்கணும் என்பதற்காகவே செய்த அபிஷேகம் அது. தட்டி கட்டிச் செய்திருந்தால் அதோனியா பந்தியை முடித்துவிட்டு அரியணையில் உட்கார்ந்திருப்பான்.

அங்கே எண்ணெய் ஒரு வழக்கைத் தீர்த்தது. லண்டனில் அது எதையும் தீர்ப்பதில்லை. முந்தையவர் இறந்த நொடியே அடுத்தவர் மன்னர். எட்டாம் எட்வர்ட் 1936ல் ஒரு சொட்டு எண்ணெய் படாமலே பத்து மாதத்துக்கு மேல் மன்னராக இருந்துவிட்டுத்தான் விலகினார். எண்ணெய் பூசிய முதலாம் சார்லஸின் தலையை 1649ல் வெட்டினார்கள். அரச நகைகளையும் உருக்கினார்கள். தப்பியவற்றில் ஒன்று பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அபிஷேகக் கரண்டி. யாரோ 16 ஷில்லிங்குக்கு வாங்கி வைத்திருந்து, பிறகு இரண்டாம் சார்லஸிடம் கொடுத்தார். 2023லும் அதே கரண்டிதான்.

தீர்க்க எதுவும் இல்லாத சடங்கை வெட்டவெளியில் செய்தால் ஒரு பெரியவருக்கு இன்னொரு பெரியவர் எண்ணெய் தொட்டு வைப்பது மட்டும்தான் தெரியும். மறைத்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று தோன்றும். 1953ல் எலிசபெத்துக்கு நாலு பேர் விதானம் பிடித்தார்கள், கேமராக்கள் அந்த நேரத்தைக் காட்டவில்லை. இந்த முறை விதானத்துக்குப் பதில் முழுத் தட்டி.

அந்தரங்கம் என்கிறார்களே, எண்ணெயின் பக்குவம் வரை முன்கூட்டியே செய்தி கொடுத்திருந்தார்கள்: ஒலிவ மலைக் காய்கள், எள், ரோஜா, மல்லிகை, பட்டை. (பழைய முறையில் இருந்த புனுகு இந்த முறை இல்லை.) தட்டியில் ஒரு மரம், அதில் காமன்வெல்த் நாடுகளுக்கு 56 இலைகள். இந்தியாவும் ஓர் இலை. பெரும்பாலும் மன்னரே வேண்டாம் என்று குடியரசான நாடுகள். அவற்றின் பெயரைத் தைத்த துணியால் மன்னரை மறைப்பது என்ன கணக்கோ! அதே நாளில் கமிலாவுக்கு எண்ணெய் வைத்ததை மட்டும் உலகமே பார்த்தது. அது அந்தரங்கம் இல்லையா?

எனக்குப் பிடித்தது தட்டி வருவதற்கு முந்தைய சில நிமிஷங்கள்தான். கனத்த அங்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். 74 வயது மனிதர் வெறும் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். அதை யாரும் மறைக்கவில்லை.