நோய்ப்பெயரும் நோய்முதலும்: முத்துக்குளித்துறை தரும் இரு சொற்கள்

ஒரு நோயைப் பற்றி மக்களை எட்டும் முதற்செய்தி அதன் பெயரே ஆகும். அந்நோய் எங்கிருந்து வந்தது, யார் கொணர்ந்தார், அதன் முன் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பனவற்றுக்கெல்லாம் மருத்துவன் வாய் திறக்குமுன் பெயர் விடை கூறிவிடுகின்றது. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையின் வரலாற்றோடும் வாழ்வோடும் இயைந்த இரு சொற்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம். ஒன்று 'பறங்கிப்புண்', மற்றொன்று 'முத்து'.

மேகநோய் வகையுள் ஒன்றைப் பறங்கிப்புண் என வழங்கினர் தமிழர். 'பிராங்கு' என்னும் ஐரோப்பிய இனப்பெயரே அரபு, பாரசீக மொழிகளின் வழியாகத் திரிந்து 'பறங்கி' ஆயிற்று. போர்த்துக்கீசியர் 1498-இல் கள்ளிக்கோட்டையை அடைந்தனர்; 1530-களில் இக்கரைப் பரதவரோடு உறவு கொண்டனர்; 1542-இல் சவேரியார் ஈண்டு வந்தார். 16-ஆம் நூற்றாண்டு வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசமும் இந்நோயைப் 'பிரங்க ரோகம்' என்றே குறிக்கின்றது. ஐரோப்பாவிலோ, இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். பழியை அயலார்மேல் ஏற்றுதல் எந்நாட்டார்க்கும் பொது என்பது இதனால் விளங்கும்.

பறங்கிப்புண் என்னும் பெயர் முற்றும் பொய்யன்று. நோய் கப்பலேறி வந்திருத்தல் கூடும். ஆயினும் அப்பெயர் வந்த வழியைச் சுட்டிற்றேயன்றிப் பரவும் முறையைச் சுட்டவில்லை. அயலார் நோய் எனக் கருதியவன் தன் இல்லத்தில் அது பரவுதலை எண்ணான். நோயுற்றவனோ பழிக்கு அஞ்சி அதனை மறைப்பான். இந்நோய்க்கு மருந்தாக வழங்கிய பறங்கிப்பட்டை உண்மையில் சீனநாட்டுக் கிழங்கு. கொணர்ந்தவன் பெயர் பிறப்பிடத்தின் பெயராக மயங்குவதற்கு வேறு சான்று வேண்டா.

இனி, 'முத்து' என்பதனை நோக்குவோம். பெரியம்மையின் கொப்புளத்தை முத்து என்பது தமிழகம் எங்கும் உள்ள வழக்கு. கடல் தரும் செல்வமும் உடலை வருத்தும் கொப்புளமும் ஒரே சொல்லால் வழங்குதல் முன்பு முத்துக்குளித்த கரையில் தனிப்பொருள் பெறுகின்றது. நோய் ஈண்டுப் பகையன்று. வீட்டிற்கு எழுந்தருளிய அன்னை. இஃது அறியாமையே என ஒதுக்குவார் உளர். அக்கூற்று முழுதும் பொருந்தாது. வாயிலில் வேப்பிலை கட்டுதலும், அயலார் வரவை விலக்குதலும் நோயாளியைத் தனிமைப்படுத்தின, நோயுற்றவர் பழிக்கப்படவில்லை. ஆயின் அன்னையின் வரவை ஊசியால் தடுத்தல் அவமதிப்பு எனத் தோன்றியதும் இப்பெயரின் விளைவே.

இத்தடையை உணர்ந்தவருள் ஒருவர் எல்லிசு. அம்மை குத்துதல் 1802-இல் இந்தியாவிற்கு வந்தது. அதனை மக்கள் ஏற்கும் பொருட்டு, சத்தியும் தன்வந்தரியும் உரையாடுவதாக அமைத்து, அது பசுவின் வழியாகக் கிடைத்த அருட்கொடை என அவர் தமிழில் எழுதினார். மக்கள் நம்பிக்கையைப் பழியாது அதனுள்ளேயே புதுமையைப் புகுத்திய திறம் போற்றத்தக்கது. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. அவர் இராமநாதபுரத்தில் மறைந்த 1819-ஆம் ஆண்டிலேயே, பண்டை இந்தியர் பசுவின் பால்மடிக் கொப்புளநீரால் அம்மை குத்தினர் எனத் தன்வந்தரி பெயரால் ஒரு மடல் மதராஸ் கூரியர் இதழில் வெளிவந்தது. அக்கூற்று பிறரால் பலகாலும் எடுத்தாளப்பட்டது. அதற்குப் பழஞ்சான்று இன்மையை டொமினிக் வுயாஸ்டிக் 1987-இல் ஆராய்ந்து காட்டினார். நன்மை கருதிப் புனைந்த தோற்றக்கதை வரலாறாக உறைந்துவிடும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்துவது.

அவ்வாறாயின் மக்கள் மனம் கொள்ளுமாறும், உண்மை வழுவாமலும் செய்தி கூறல் இயலுமோ எனின், இயலும். பெரியம்மை ஒழிப்புப் பணியாளர் நோயுற்ற குழந்தையின் படத்தை வீடுவீடாகக் காட்டி, 'இத்தகைய நோயாளி இங்கு உளரோ' என வினவினர். நோய் யாரிடமிருந்து வந்தது என்னும் வினா அதில் இல்லை. அன்னையை மறுக்கும் சொல்லும் இல்லை. 1975-இல் இந்தியாவில் அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது. 1980-இல் உலகமே அதனின்று விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அந்நிறுவனம் 2015-இல், புதுநோய்களுக்கு ஊர்ப்பெயரும் இனப்பெயரும் இடலாகாது என நெறி வகுத்தது. 2020 பிப்ரவரி 11-ஆம் நாள் 'கோவிட்-19' என்னும் பெயரை வெளியிட்டது. ஆயினும் 'சீன வைரஸ்' என்னும் வழக்கு உலகெங்கும் எழுந்தது. பறங்கிப்புண் புதுவடிவில் மீண்டது எனலாம். நோயின் பிறப்பிடத்தை ஆராய்தல் அறிவியலின் கடமை; அதனைப் பெயராக்கி ஓர் இனத்தார்மேல் சுமத்துதல் அக்கடமையின் பாற்பட்டதன்று. கப்பல்களின் வரவால் வாழும் துறைமுக நகரத்தில் 'யார் கொணர்ந்தார்' என்னும் வினா எளிதில் எழும். ஆண்டு நோயறிவிப்பு எழுதுவோர் 'எவ்வாறு பரவும், எவ்வாறு தடுக்கலாம்' என்பவற்றையே முன்வைத்தல் வேண்டும். சொல்லைத் தேர்தலும் நோய்த்தடுப்பின் ஒரு கூறே என்பது எம் துணிபு.