கமடோர் 64-இன் சோதனைப் பெட்டிகளை எவ்வளவு நம்பலாம்?

விசையைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறது; திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. நெடுங்காலம் பரணில் கிடந்த கமடோர் 64 கணிப்பொறியை எடுத்துத் துடைத்து இயக்கிப் பார்ப்பவர்களில் பலர் முதலில் காணும் காட்சி இதுதான். நோய் எங்கே இருக்கிறது? பொறியோ வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. அதைப் பேசவைக்கும் என்று சொல்லப்படும் இரண்டு சோதனைப் பெட்டிகளைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இப்பொறி ஒரு கோடிக்கும் மேல் விற்றது. உள்ளே நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் துடிப்புகளில் ஓடும் 6510 என்ற எட்டு பிட் செயலி, 64 கிலோபைட் நினைவகம், படத்துக்கு 'விக்', இசைக்கு 'சிட்' என்ற தனிச் சில்லுகள் இருந்தன. 1994 ஏப்ரலில் கமடோர் நிறுவனம் மூடப்பட்டது. அதன் சொந்தச் சில்லுகளை இன்று எவரும் அதே வடிவில் வார்ப்பதில்லை. ஒரு சிட் சில்லைக் கெடுத்துவிட்டால் இன்னொரு பொறியைப் பிரித்துத்தான் ஈடு செய்ய வேண்டும். ஆகவே தவறான நோய்க்கணிப்பு இங்கே வெறும் நேர விரயமல்ல.

நாம் எடுத்துக்கொண்ட பெட்டிகள் இரண்டும் கமடோர் தன் பழுதுபார்ப்பாளர்களுக்காகச் செய்தவை. பின்புறத் துளையில் செருகும் கார்ட்ரிட்ஜ் வடிவில் அமைந்தவை. 781220 என்ற எண்ணுள்ளது 'டெட் டெஸ்ட்'. 586220 என்ற எண்ணுள்ளது விரிவான பரிசோதனைப் பெட்டி. இன்று ஆர்வலர்கள் இவற்றின் நிரலைப் படியெடுத்து, அழித்து எழுதும் சில்லில் பதித்து, தாங்களே செய்துகொள்கிறார்கள். அதில் தவறில்லை. திரையில் வரும் தீர்ப்பை அப்படியே ஏற்று, உடனே பற்றவைப்புக் கோலைச் சூடேற்றுகிறார்களே, அதுதான் நம் மனக்குறை.

முதலில் டெட் டெஸ்டின் பெருமையைச் சொல்லிவிடுவோம். சாதாரணமாக ஒரு சோதனை நிரல் ஓட வேண்டுமானால் பொறியின் நிலைநினைவகம் நன்றாக இருக்க வேண்டும். நினைவகமும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டும் நன்றாக இருந்தால் சோதனை எதற்கு? இந்தச் சிக்கலை வடிவமைத்தவர்கள் அழகாகத் தாண்டினார்கள். கார்ட்ரிட்ஜ் துளையில் இரண்டு இணைப்புகளின் நிலையை ஒரு குறிப்பிட்ட வகையில் வைத்தால், பொறி தன் சொந்த நிலைநினைவகத்தை மறந்துவிட்டு, கார்ட்ரிட்ஜில் உள்ள நிரலையே மூளையாகக் கொண்டு எழுகிறது. இதற்கு 'அல்டிமாக்ஸ்' நிலை என்று பெயர். 1982-இல் ஜப்பானில் கமடோர் விற்ற மாக்ஸ் என்ற சிறு பொறியின் கார்ட்ரிட்ஜுகள் 64-இலும் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த வழி அது. மாக்ஸ் விலைபோகவில்லை. ஆனால் அதற்காகத் திறந்து வைத்த புழக்கடை வாசல் வழியாகத்தான் இன்று மருத்துவர் நுழைகிறார்!

செருகி விசையைப் போட்டால் முதலில் சில நொடிகள் திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையற்றவர்கள் இந்த இடத்திலேயே அணைத்துவிடுகிறார்கள். நினைவகத்தில் பழுது இருந்தால் பிறகு திரை விட்டு விட்டு மின்னும். எட்டு நினைவுச் சில்லுகளில் ஒவ்வொன்றும் ஒரு பைட்டின் ஒரு பிட்டைத் தாங்குகிறது. எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால் எந்தச் சில்லு என்று தெரியும். எழுத்துக்கூடக் காட்ட இயலாத பொறி கண்ணடித்துப் பேசுவது நல்ல கற்பனைதான்.

ஆனால் 'செத்ததைச் சோதிப்பது' என்ற பெயர் சற்று மிகை. செயலி, விக், முகவரிகளைப் பிரித்தனுப்பும் 'பி.எல்.ஏ.' சில்லு ஆகிய மூன்றும் உயிரோடு இருந்தால்தான் இந்தப் பெட்டியே இயங்கும். அல்டிமாக்ஸ் நிலையை உருவாக்குவதே பி.எல்.ஏ.தான். அதுவோ சூடாகி அடிக்கடி சாகும் சில்லு. ஆகவே மின்னாமல் கறுப்பாகவே இருக்கும் திரையைக் கண்டு, 'நினைவகம் நலம்' என்று முடிவு கட்டுவது பிழை. பெட்டி இன்னும் பேசத் தொடங்கவில்லை என்பதே அதன் பொருள்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. அல்டிமாக்ஸ் நிலையில் செயலியின் கண்ணுக்குத் தெரிவது நினைவகத்தின் முதல் 4 கிலோபைட் மட்டுமே. அதாவது பதினாறில் ஒரு பங்கு! மீதி 60 கிலோபைட்டில் ஓட்டை இருந்தாலும் திரையில் 'ஓ.கே.' என்றுதான் வரும். பொறியின் சொந்த நிலைநினைவகச் சில்லுகளையும் அது பார்ப்பதில்லை. பார்க்க வழியும் இல்லை. டெட் டெஸ்ட் நன்றாக ஓடி, கார்ட்ரிட்ஜை எடுத்ததும் திரை மீண்டும் கறுத்தால், ஐயம் அந்தச் சில்லுகள் மீதும் பி.எல்.ஏ. மீதும் செல்ல வேண்டும். இதைப் பெட்டி சொல்லாது. நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

மின்னல் கணக்கும் முழுத் தீர்ப்பாகாது. மூன்று முறை மின்னினால் அந்தத் தரவுக் கம்பியில் பழுது என்பது உறுதி. ஆனால் அதே கம்பியில் வேறு பல சில்லுகளும் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாலும் பழி நினைவுச் சில்லின் மேல்தான் விழும். ஒரு சில்லுக்குப் பதினாறு கால்கள். ஐயத்தின் பேரில் எட்டையும் மாற்றுவோம் என்று இறங்கினால் 128 பற்றுகளை உருக்க வேண்டும். பழைய பலகையின் செப்புத் தகடு அந்தச் சூட்டில் உரிந்து வருவது புதிதல்ல. பிற்காலப் பலகைகள் சிலவற்றில் எட்டுக்குப் பதில் இரண்டே நினைவுச் சில்லுகள் இருப்பதால் அங்கே பழைய மின்னல் அட்டவணை பொருந்துவதும் இல்லை.

அடுத்து 586220. பொறி படம் காட்டும் நிலையில் இருந்தால் இது விரிவாகவே ஆராய்கிறது. ஆனால் விசைப்பலகை, நாடா, தொடர் இணைப்பு ஆகியவற்றின் துளைகளில் செருகித் திருப்பியனுப்பும் கம்பிக் கட்டு ஒன்று இதற்குத் துணை. அந்தக் கட்டு இல்லாமல் வெறும் கார்ட்ரிட்ஜை ஓட்டினால், நல்ல பொறியிலும் 'கெட்டது' 'கெட்டது' என்று வரிசையாக எழுதிக் காட்டும். அதை நம்பி நல்ல சில்லைக் கழற்றுபவர் உண்டு. குறை பெட்டியுடையதா? பாதிதான். 'கம்பிக் கட்டு செருகப்படவில்லை' என்று ஒரு வரி எழுதக் கற்றுக்கொடுத்திருந்தால் எத்தனையோ சில்லுகள் பிழைத்திருக்கும்.

இரண்டு பெட்டிகளாலும் பார்க்க முடியாத உறுப்பு ஒன்று உண்டு. அதுவே முதல் குற்றவாளி. இப்பொறியின் மின்வழங்கி தனிப் பெட்டியாக வெளியே இருக்கிறது. அது 5 வோல்ட் நேர் மின்னழுத்தமும் 9 வோல்ட் மாறு மின்னழுத்தமும் தருகிறது. பெரும்பாலானவற்றில் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் வெப்பம் வெளியேறுவது அரிது, பழுதுபார்க்கவும் இயலாது. அதிலுள்ள ரெகுலேட்டர் வயதாகிக் கெடும்போது பலநேரம் மின்னழுத்தம் குறைவதில்லை, கூடுகிறது! நினைவுச் சில்லுகள்தாம் முதலில் பலியாகும். குளிர்ந்த நிலையில் அளந்தால் 5 வோல்ட் சரியாகக் காட்டும். சுமையோடு சூடேறிய பிறகுதான் எகிறும். பழைய மின்வழங்கியைச் செருகி, அதன்மேல் சோதனைப் பெட்டியைச் செருகி, விசையைப் போடுபவர் நோயாளியைச் சோதிக்கும் சாக்கில் நஞ்சைக் கொடுக்கிறார். மல்டிமீட்டரில் 5.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த மின்வழங்கியை ஒதுக்கிவிட வேண்டும். தாண்டாவிட்டாலும், மின்னழுத்தம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் சிறு காப்புச் சுற்றை இடையில் வைப்பது நன்று.

ஆர்வலர்களின் கைவைத்தியங்களில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: ஐயத்துக்குரிய சில்லின் முதுகில் நல்ல சில்லொன்றை ஏற்றி அழுத்திப் பார்ப்பது. உள்ளே இணைப்பு அறுந்த சில்லானால் பொறி உயிர்பெறும். குறுக்குச்சுற்றான சில்லானால் பயனில்லை. விரலால் தொட்டுப் பார்த்தால் அது மற்றவற்றைவிடச் சுடுவதை வைத்துக் கண்டுகொள்ளலாம். பிடிக்காதது, வந்த பொறியிலெல்லாம் மின்பகுளி மின்தேக்கிகளை மொத்தமாக மாற்றும் வழக்கம். கமடோர் 64-இல் கறுப்புத் திரைக்கு அவை காரணமாவது அரிது.

ஆனால் இதையே எல்லாப் பொறிக்கும் விதியாக்கிவிடக் கூடாது. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் கீழ் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ. அதன் மின்வழங்கி பொறிக்குள்ளேயே இருக்கிறது. அதில் மின்கம்பி நுழையும் இடத்திலுள்ள காகித மின்தேக்கிகளின் மேலுறை காலப்போக்கில் வெடிப்பு விட்டு ஈரம் இழுக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அறை முழுவதும் நாற்றப் புகை. எந்தப் பள்ளியின் அலமாரியிலாவது அப்பொறி இன்னும் இருந்தால், மூடியைத் திறந்து அந்த மின்தேக்கிகளை மாற்றும் வரை யாரும் விசையைத் தொட வேண்டாம்.